துவாரகாநாத் தாகூர்

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதியை அடுத்துள்ள பெரிய ஏரிக்கு இரவீந்திரநாத் தாகூரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவரை அறியாதார் இலர். அவருடைய பாட்டனார் துவாரகாநாத், தம் காலத்து வங்க வணிகருள் முதன்மையானவர். பேரனின் புகழொளியில் அவர் பெயர் சற்றே மங்கிவிட்டது.

துவாரகாநாத் 1794ஆம் ஆண்டு பிறந்தார். பெரிய தந்தையார் அவரைத் தத்தெடுத்துத் தம் நிலங்களுக்கு உரியவர் ஆக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் உப்பு, அபினித் துறையில் திவானாகப் பணியாற்றிய அவர், 1834இல் அப்பதவியைத் துறந்தார். வில்லியம் கார் என்னும் ஆங்கிலேயருடன் இணைந்து கார் தாகூர் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியரும் ஆங்கிலேயரும் சமநிலையில் கூட்டுச் சேர்ந்தது அந்நாளில் புதுமை. அவுரி, பட்டு, சர்க்கரை என வணிகம் பெருகிற்று. 1836இல் இராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கமும் அவர் வசமாயிற்று.

இத்தனையும் தமக்குப்பின் யாரிடம் செல்லும்? திறமைமிக்க ஆங்கிலேயக் கூட்டாளிகள் உடனிருந்தும், துவாரகாநாத்தின் நாட்டம் மூத்த மகன் தேவேந்திரநாத் மீதே சென்றது. பெற்ற பிள்ளை என்னும் பாசம் மட்டும் இதற்குக் காரணமன்று. அக்காலச் சட்டப்படி, நிறுவனம் கடன்பட்டால் கூட்டாளியின் வீடும் நிலமும் அக்கடனுக்குப் பொறுப்பாகும். நிறுவனம் வீழ்ந்தால் குடும்பமும் வீழும். அத்தகைய பொறுப்பை அயலாரிடம் விட எவருக்குத்தான் மனம் துணியும்?

எனவே மகனை யூனியன் வங்கியில் தொழில் பழகச் செய்தார். மகனின் உள்ளமோ வேறு வழியில் சென்றது. பாட்டியார் கங்கைக்கரையில் உயிர்நீத்த நாள்களில் தேவேந்திரநாத்துக்குச் செல்வத்தின்மேல் பற்று அற்றது. உபநிடத ஆராய்ச்சியிலும் பிரம்ம சமாசத்திலும் அவர் மூழ்கினார். தந்தை வருந்தினார்; ஆயினும் உயிலில் தம் பங்கை அவருக்கே எழுதினார். தொலைநோக்குடன் மற்றொன்றும் செய்தார். 1840இல் நான்கு நிலப்பகுதிகளைத் தனியே பிரித்து, கடன் கொடுத்தோர் தீண்ட இயலாதவாறு மக்களுக்கென ஆவணம் எழுதிவைத்தார்.

1846இல் துவாரகாநாத் இலண்டனில் காலமானார். தமக்கு வந்த பங்கைத் தேவேந்திரநாத் தம்பியருடன் சமமாகப் பகிர்ந்துகொண்டார். 1848இல் யூனியன் வங்கி வீழ்ந்தது. கார் தாகூர் நிறுவனமும் உடன் வீழ்ந்தது. கடனோ ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். கடன் கொடுத்தோர் கூடிய அவையில், காப்பளிக்கப்பட்ட அந்நிலங்களையும் தருவதாகத் தேவேந்திரநாத் முன்வந்தார். சட்டம் அதனைக் கேட்கவில்லை. அவையோர் நெகிழ்ந்தனர், குடும்பச் செலவுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் ஒதுக்க இசைந்தனர். வீட்டுச் செலவுகள் சுருக்கப்பட்டன. பல ஆண்டுகள் முயன்று, சகோதரர்கள் தந்தையின் கடனைத் தீர்த்தனர்.

தந்தை பெரிதும் விரும்பிய நிறுவனம் மகன் கையில் நிலைக்கவில்லை. அவர் எழுதிவைத்த நிலங்கள் நிலைத்தன. 1890களில் அவற்றை மேற்பார்வையிட இரவீந்திரநாத் அனுப்பப்பட்டார். பத்மா ஆற்றில் படகில் தங்கி, குடியானவரின் வாழ்வை அருகிருந்து கண்டு, தம் சிறுகதைகள் பலவற்றை அவர் அங்கேதான் எழுதினார்.