பொகவந்தலாவையில் துயிலும் கமரன் அம்மையார்

இலங்கைச் சரித்திரம் படித்த மாணவர் எவரும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்னும் தலைப்பைக் கடந்தே வந்திருப்பர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நீங்கியதும், சட்டநிரூபண சபை தோன்றியதும், நீதிமன்றங்கள் ஒழுங்குபட்டதும் அவ்விருவரின் அறிக்கைகளால் விளைந்த பயன் என்று பரீட்சைக்காக மனனஞ் செய்தது பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அந்தக் கமரன் துரை நமது மலைநாட்டு மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார் என்பதும், அவரருகில் துயிலும் அவருடைய மனைவியார் உலகம் போற்றும் நிழற்படக் கலைஞர் என்பதும் எத்தனை பேர் அறிவர்? கமரன் என்ற பெயருக்கும் கமரா என்ற கருவிக்கும் உள்ள ஒலிப்பொருத்தம் தற்செயலேயாயினும், மறக்கமுடியாத பொருத்தந்தான்.

இந்து வாலிபர் மலரில் ஓர் ஆங்கில மாதுக்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வம்மையார் தம் இறுதிக் காலத்தில் கமராவின் முன் நிறுத்திய முகங்களில் நம்மவர் முகங்களும் உள. அந்தக் காரணம் போதுமென்று கருதுகிறேன்.

யூலியா மார்கிரட் 1815 ஆம் ஆண்டு யூன் மாதம் 11 ஆந் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தர். தாய் பிரெஞ்சு மரபினர். உடன்பிறந்த சகோதரிகள் அழகிற்குப் பேர்போனவர்கள். யூலியா அவ்வரிசையிற் சேராதவர். அழகின்மேல் அவருக்கிருந்த தீராத வேட்கைக்கு இதுவே வித்தாயிற்றோ என்று எண்ணத் தோன்றுகிறது. 1836 இல் உடல்நலம் நாடித் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலே தங்கியபோது இருவரை அவர் சந்தித்தார். ஒருவர் வானநூல் வல்லுநர் சேர் யோன் ஹெர்ஷெல். நிழற்படம் என்னும் புதுமை பிறந்த செய்தியைப் பின்னாளில் அவருக்கு எழுதியறிவித்தவர் இவரே. மற்றவர் சாள்ஸ் ஹே கமரன். அவர் 1830 இல் விசாரணையாளராக இலங்கைக்கு வந்து சென்றவர். மெக்காலேயுடன் அமர்ந்து இந்தியத் தண்டனைச் சட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவர். யூலியாவிலும் இருபது வயது மூத்தவர். 1838 இல் இருவருக்கும் கல்கத்தாவில் விவாகம் நிகழ்ந்தது.

கமரன் துரைக்கு இலங்கை மலைகள்மேல் மாளாத காதல். திம்புள்ளைப் பகுதியிலே பெருநிலம் வாங்கிக் கோப்பி பயிரிட்டார். 1848 இல் குடும்பம் இங்கிலாந்து சென்றபின்னும் அவர் நெஞ்சம் இங்கேயே இருந்தது. 1860 இல் வைற் தீவிலுள்ள பிறெஷ்வோட்டர் என்னும் ஊரில், கவிஞர் டெனிசனின் வீட்டுக்கு அயலிலே, இரு குடிசைகளை வாங்கி ஒன்றாக இணைத்து அம்மனைக்கு டிம்போலா என்று பெயரிட்டனர். திம்புள்ளை என்ற நம் ஊர்ப் பெயரே அவ்வாறு ஆங்கிலக் கடற்கரை வீடொன்றின் வாயிலில் ஏறிற்று. அந்த வீடு இன்று அம்மையார் பெயரால் ஒரு காட்சிச்சாலையாக விளங்குகிறது.

அந்த வீட்டுத் தோட்டத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வீட்டின் முன்னே காய்கறிப் பாத்திகள் இருந்தன. கணவருக்கோ பசும்புற்றரையிலே உலாவ விருப்பம். அம்மையார் யாருமறியாமற் புற்பத்தைகளை வருவித்து, கணவர் உறங்கும் ஓர் இரவிலே விளக்கொளியில் ஆட்களைக் கொண்டு பாத்திகளைக் கிளறிப் பதித்துவிட்டாராம். விடிந்து சன்னலைத் திறந்தவர் கண்டது முட்டைக்கோசு அன்று, பச்சைப் புற்றரை. பீட்றூட்டும் கரட்டும் முளைத்து இலைவிடும்வரை நாட்கணக்காய்க் காத்திருக்கும் நம் வெலிமடைத் தோட்டக்காரர் இதைக் கேட்டால் நகைப்பர். அம்மையாருக்குக் காத்திருக்குங் குணம் அன்று இல்லை. அதைக் கற்பித்தது கமராவே.

1863 ஆம் ஆண்டு இறுதியில், கணவரும் பிள்ளைகளிற் சிலரும் இலங்கைத் தோட்டங்களைப் பார்க்கச் சென்றிருந்த வேளை, தனிமையிலிருந்த தாய்க்குப் பொழுதுபோக்காகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிக்கூட்டிலிருந்து கோழிகளை அப்புறப்படுத்தி அதைக் கண்ணாடி மனையாக்கினார். நிலக்கரி அறை, படங் கழுவும் இருட்டறையாயிற்று. 1864 சனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்றாக அமைந்தது. அதையே தம் முதல் வெற்றியென்று அவர் கொண்டாடினார்.

அக்காலத்துப் படப்பிடிப்பு இன்று கைத்தொலைபேசியைத் தட்டுவது போன்றதன்று. பெரிய கண்ணாடித் தகடொன்றிலே கொலோடியன் என்னும் பசையை ஒரே சீராகப் பரவவேண்டும். பின் அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்த்து, ஈரம் உலருமுன் கமராவிற் பொருத்தி, படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவவேண்டும். ஒரு தூசி போதும், எல்லாம் பாழ். வெள்ளி நைத்திரேற்று விரல்களைக் கறுப்பாக்கிவிடும். ஒளிக்குச் சூரியனே கதி. எதிரில் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்கவேண்டும். முகிலுக்கும் வெயிலுக்கும் காத்திருந்து, முகத்தின் ஒரு புறம் ஒளி விழ மறுபுறம் நிழலில் அமிழும் அந்தக் கணத்தை அவர் பிடித்தார். டார்வினும் கார்லைலும் டெனிசனும் ஹெர்ஷெலும் இவ்வாறு அவர் முன்னே பொறுமையோடு அமர்ந்தவர்கள்.

படங்கள் தெளிவில்லாது மங்கலாக இருக்கின்றனவென்று தொழில்வல்லோர் பரிகசித்தனர். வில்லையைத் திருகிக்கொண்டு போகையிலே கண்ணுக்கு எப்போது அழகாகப் படுகிறதோ அங்கே நிறுத்துவது அவர் வழக்கம். மயிர் மயிராகத் தெரியும்வரை திருகுவது மற்றவர் வழக்கம். எது சரி என்ற வாதம் நெடுங்காலம் நடந்து, இறுதியில் அம்மையார் பக்கமே சாய்ந்தது. இலண்டனிலுள்ள சவுத் கென்சிங்ரன் நூதனசாலை 1865 இலேயே அவர் படங்களை விலைகொடுத்து வாங்கிற்று.

பெரியோரை மட்டும் அவர் படம் பிடிக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண்களும் அவர் கமராவின் முன் தேவமாதராயினர். மேரி ஹிலியர் என்ற பணிப்பெண்ணை நூறு வேடங்களிற் காணலாம். மேரி றயன் என்பவள் பிச்சையெடுத்துத் திரிந்த ஐரிஷ் சிறுமி. அம்மையார் அவளைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். அவளுடைய படத்தைக் கண்டு மனம் பறிகொடுத்து 1867 இல் அவளை மணந்த இளைஞர் ஹென்றி கொட்டன். 1904 இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்த சேர் ஹென்றி கொட்டன் அவரே. வீதியில் நின்ற சிறுமி சீமாட்டியானாள். அவளுடைய பெயர் படத்தோடு இன்றும் வாழ்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும், பின்னர் தேவைப்படும்.

இதற்கிடையே நம் மலைகளில் ஒரு பேரிடர் தொடங்கியிருந்தது. 1869 இல், நமது மடுல்சீமைத் தோட்டமொன்றில், கோப்பி இலையின் கீழ்ப்புறத்திலே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டனர். அதுதான் இலைத்துரு நோய். பூக்குங் காலத்திலே பனி கொட்டியதுபோல் வெளுத்து மணக்கும் மலைச்சரிவுகள் சில ஆண்டுகளில் இலையுதிர்ந்து குச்சிகளாயின. கோப்பியை நம்பியிருந்த கமரன் குடும்பத்தின் செல்வமும் அவ்வாறே உதிர்ந்தது. இங்கிலாந்திற் செலவு தாங்கவில்லை; பிள்ளைகளிற் பலர் இலங்கையிலே இருந்தனர்; எண்பது வயதுக் கணவரோ அம்மலைகளைக் காணாமற் சாகேன் என்றிருந்தார். 1875 ஒக்ரோபரில் இருவரும் கப்பலேறினர். இலங்கையிற் கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுவந்தனரென்றும், அவற்றினுள்ளே பீங்கான் கண்ணாடிச் சாமான்களை அடைத்திருந்தனரென்றும், சுமை தூக்கியோருக்குக் கொடுக்கக் காசில்லாமற் படங்களைக் கொடுத்தாரென்றும் சொல்வர்.

இலங்கையில் அவர்கள் வாழ்வு மலைத் தோட்டங்களுக்கும் களுத்துறைக்கும் இடையே கழிந்தது. களுத்துறையில், களுகங்கை கடலோடு கலக்குமிடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு குன்றின்மீது வீடு. 1877 சனவரியில் மரியான் நோர்த் என்னும் அம்மையார் அங்கே விருந்தினராகத் தங்கினார். உலகெங்குஞ் சுற்றி மரஞ்செடி கொடிகளை எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டியவர் அவர். இலண்டன் கியூ பூங்காவில் அவற்றுக்கென்றே ஒரு மண்டபம் உண்டு. கமரன் வீட்டிலே முயல்களும் அணில்களும் மைனாக்களும் அச்சமின்றி உள்ளும் புறமும் திரிந்ததையும், பழக்கிய கலைமான் ஒன்று வாயிலிற் காவல் நின்றதையும் அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். விருந்தினரையும் கமரா விடவில்லை. உச்சி வெயிலில், வெப்பமானி 96 பாகை காட்ட, தென்னோலையின் கூர்முனைகள் தலையிற் குத்த, கண்ணில் வெயில் கூச, இயல்பாக இருக்கும்படி அம்மையார் பணித்தாராம்! செடிகளின் அழகை நாள்முழுதும் நின்று வரைபவருக்கே அது சோதனையாயிற்று.

அதே நூலில் இன்னொரு செய்தி உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. ஒருவனுடைய முதுகின் அழகிலே கமரன் அம்மையார் ஈடுபட்டு, அவனை எப்படியும் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார். வீட்டுக்குத் தோட்டமே இல்லை. அவனுக்கோ தோட்டம் என்ற சொல்லின் பொருளும் விளங்கவில்லை. வேடிக்கையான கதைதான். ஆயினும் சற்று நின்று நோக்குக. ஒரு மனிதனின் முதுகிலே சிற்பத்தின் அழகைக் காண அக்காலத்து எத்தனை துரைமாருக்குக் கண் இருந்தது? கூலியின் முதுகு மூட்டை சுமக்கவும் பிரம்படி வாங்கவுமே படைக்கப்பட்டதென்று எண்ணிய காலம் அது. அம்மையார் அழகைக் கண்டார். ஆனால் அவன் பெயர் யாது? எந்த ஊரான்? யார் மகன்? விருந்தினரும் எழுதவில்லை.

அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கவேண்டும். 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டிலே தாது வருஷப் பஞ்சம். சேலத்திலும் திருச்சியிலும் மதுரையிலும் இராமநாதபுரத்திலும் குடிகள் சோறின்றிச் செத்தனர். தப்பியோர் கங்காணியின் பின்னே தோணியேறி, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் விழுந்தவர் பலர். எஞ்சியோர் எலும்புந் தோலுமாய் மலையேறியபோதுதான் அம்மையாரின் கமராவும் இந்நாட்டில் இருந்தது. இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்தவர் இங்கே எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதளவே. வெப்பமும் ஈரமும் மருந்துச் சரக்குகளின் அருமையும் காரணமென்பர். அவற்றிலுள்ளோர் வீட்டுப் பணியாளரும் கிராமத்தாரும் தோட்டத் தொழிலாளரும். தமிழர் சிலர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பெண்களின் முகத்திலே தளர்ச்சியும் உண்டு, நிமிர்ந்த பார்வையும் உண்டு. வறுமையை வேடிக்கை காட்டும் படங்களல்ல அவை. டெனிசனுக்குக் கொடுத்த அதே வெளிச்சத்தையே அவர்களுக்குங் கொடுத்திருக்கிறார்.

ஆனாற் படத்தின் கீழே இலங்கைப் பெண், தோட்டத் தொழிலாளர் என்றே நூதனசாலைகள் எழுதிவைத்திருக்கின்றன. 1878 இல் எடுத்ததாகக் குறிக்கப்படும் களுத்துறைக் குடியானவர் படத்தில் சிறுமிக்குப் பன்னிரண்டு வயதென்றும், அவள் தகப்பன் தனக்கு நூறு வயதென்று சொல்லுகிறானென்றும் குறிப்பு இருக்கிறது. வயதைக் கேட்டவர் பெயரைக் கேட்டிருக்கலாகாதா? மேரி றயனுக்குப் பெயர் உண்டு. இச்சிறுமிக்கு இல்லை. அம்மையாரின் அன்பில் எனக்கு ஐயமில்லை. அன்புங் காணாத ஓரிடம் அக்காலத்துக் கண்ணில் இருந்தது என்பதை மறைக்கவும் மனமில்லை. நம் வீடுகளிலே நிலை மேல் மாட்டியிருக்கும் பாட்டன் பாட்டியர் படங்களின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், அங்கும் பெரும்பாலும் வெறுங் கடதாசியே இருக்கிறது. பெயர் சொல்லத்தக்க பெரியோர் இருக்கும்போதே இளைஞர்கள் ஒரு பென்சிலை எடுத்தால் நலம்.

1878 இல் அம்மையார் ஒருமுறை இங்கிலாந்து சென்று திரும்பினார். 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேண் தோட்டத்திலே நோயுற்றார். தை மாதத்தில் நம் பதுளைப் பக்கம் வாடைமழை விட்டும் விடாமலும் தூறி, மூடுபனி லயத்துக் கூரைவரை இறங்கியிருக்கும். மலைமுகட்டைக் கடந்து மேற்கே போனாலோ வானம் துடைத்த பளிங்குபோல் இருக்கும். இரவிலே விண்மீன்கள் கைக்கெட்டுமாப்போல் தோன்றும். சனவரி 26 ஆந் திகதி அத்தகைய வானத்தைச் சன்னல் வழியே நோக்கியவாறு, அழகைக் குறிக்கும் ஒரேயொரு சொல்லை மொழிந்து அவர் உயிர் நீத்தாரென்பது குடும்பத்தார் வழிவந்த செய்தி. வெள்ளை எருதுகள் பூட்டிய வண்டியிலே உடலை மலைவழியாகக் கொண்டுசென்று, பொகவந்தலாவைச் சென் மேரிஸ் தேவாலய வளவிலே அடக்கஞ் செய்தனர். அடுத்த ஆண்டு, 1880 மே மாதத்தில், கணவரும் அவர் பக்கத்திலே வைக்கப்பட்டார்.

பதுளையிலிருந்து புகைவண்டியில் அற்றன் சென்று, அங்கிருந்து நோர்வூட் வழியாகப் பஸ்ஸிற் போனால் அந்தச் சிறு கற்கோயிலை அடையலாம். சுற்றிலும் தேயிலை. கல்லறையின் பெயர்களை இன்றும் வாசிக்கலாம்.