ஐகியூ மனிதர் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று

உங்கள் ஐகியூ எவ்வளவு என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? அந்தக் கேள்வியை ஊரெல்லாம் பரப்பியவர்களில் முக்கியமானவர் லூயிஸ் டெர்மன்.

1877இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 14 பிள்ளைகளில் 12ஆவது! சின்ன வயதில், வீட்டுக்கு வந்த புத்தக வியாபாரி ஒருவர் அவர் தலையைத் தடவிப் பார்த்து, பெரிய ஆளாக வருவான் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. இளவயதிலேயே காசநோய். இதமான பருவநிலை தேடி 1905இல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். பிறகு ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பிரான்சில் பினே உருவாக்கிய அறிவுத்திறன் சோதனையைத் திருத்தி 1916இல் வெளியிட்டார்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் நோஞ்சான்களாக இருப்பார்கள் என்று அப்போது பலரும் நம்பினார்கள். அதை உடைக்கத்தான் 1921இல் தம் பெரிய ஆய்வைத் தொடங்கினார். கலிஃபோர்னியாவில் 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். (சோதனையில் தேறாமல் விடுபட்ட இருவர் பிற்காலத்தில் நோபெல் பரிசு வாங்கினார்கள். அது வேறு கதை!)

உயரம், உடல்நலம் எல்லாம் பதிவாயின. கூடவே பெற்றோரும் ஆசிரியர்களும் குணத்துக்கும் மதிப்பெண் போட்டார்கள். பிள்ளை பொறுப்பானவனா, நேர்மையானவளா, கலகலப்பானவளா?

டெர்மனுக்கோ அறிவுதான் எல்லாம். அது பிறப்பிலேயே வருவது என்று நம்பி, சிலர் பிள்ளை பெறுவதைத் தடுக்க வேண்டும் என்ற இயக்கத்தையும் ஆதரித்தார். அவர் வாழ்க்கையின் கறை அது.

1956இல், 79 வயதில் காலமானார். ஆய்வு தொடர்ந்தது.

1990களில் உளவியலாளர் ஹவர்ட் ஃப்ரீட்மன் குழு அந்தப் பழைய பதிவுகளை இறப்புச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டது. சிறுவயதில் பொறுப்பானவர்கள் என்று மதிப்பெண் வாங்கியவர்கள் சராசரியாக அதிக காலம் வாழ்ந்திருந்தார்கள். கலகலப்பான பிள்ளைகள்? அவர்களின் ஆயுள் சற்றுக் குறைவு. நம்பவே முடியல, இல்லையா?

புகை, மது போன்ற பழக்கங்கள் காரணத்தில் ஒரு பகுதிதான். முழுக் காரணம் அல்ல.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்வாங்க. இங்கே அது பாதிதான் சரி. பெரியவர்களான பிறகு அளந்த பொறுப்புணர்வும் தனியாகவே ஆயுளோடு தொடர்புடையதாக இருந்தது. சிறுவயது மதிப்பெண்ணே முடிவான தீர்ப்பு இல்லை.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓரளவு வசதியான வெள்ளையர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.