ஐந்து விசைகள்

பிரான்சு நாட்டின் வடகிழக்கே மாஞோ என்னும் சிற்றூரில், 1845ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், எமில் போதோ ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஊரின் தொடக்கப்பள்ளியோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. அதன்பின் தந்தையின் நிலத்தில் உழைத்தார். 1869ஆம் ஆண்டில் தந்தித் துறையில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் ஊர்களை இணைக்கும் தந்திக் கம்பியை அமைக்கப் பெரும் பொருட்செலவானது. ஆயினும், பெரும்பாலும் ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டுமே சென்றது. மோர்சு முறையில் ஒவ்வோர் எழுத்தும் வெவ்வேறு நீளம் கொண்டது. ஓர் எழுத்துக்கு ஒரே புள்ளி போதும். மற்றோர் எழுத்துக்குப் புள்ளியும் கோடுமாக நான்கு குறிகள் வேண்டும். பணியாளர் அடுத்த எழுத்தை எண்ணும் நேரத்தில் கம்பி வெறுமனே கிடந்தது. வீணாகும் அந்நேரத்தைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்க முடியாதா என்று போதோ சிந்தித்தார்.

பகலில் வேலை, ஓய்வு நேரத்தில் ஆய்வு என்று அவர் உழைத்தார். 1874ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முறையில் எல்லா எழுத்துகளுக்கும் ஐந்து குறிகளே. கருவியில் ஐந்து விசைகள் இருந்தன. இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. ஒவ்வொரு விசையும் அழுத்தப்பட்டிருக்கும் அல்லது அழுத்தப்படாமல் இருக்கும். இதனால் 32 வகைக் குறியீடுகள் கிடைத்தன. எழுத்துகள் ஒரே நீளம் பெற்றதால், கம்பியைப் பங்கிடுவது எளிதாயிற்று. சுழலும் பகிர்வுக் கருவி ஒவ்வொரு பணியாளருக்கும் முறைவைத்துக் கம்பியை ஒதுக்கியது. மறுமுனையிலும் அதே வேகத்தில் ஒரு கருவி சுழன்று, செய்திகளைப் பிரித்துக் காகித நாடாவில் அச்சிட்டது. இரு முனைகளின் வேகமும் பிசகினால் செய்தி குழம்பிவிடும். எனவே, பணியாளரும் கருவி எழுப்பும் ஒலிக்கு ஏற்பத் தாளம் தவறாமல் விசைகளை அழுத்த வேண்டியிருந்தது.

1877ஆம் ஆண்டில் பாரிசு, போர்தோ நகரங்களுக்கிடையே இம்முறை செயற்பாட்டுக்கு வந்தது. மறு ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் போதோவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. புகழ் வந்ததே ஒழியப் பொருள் வரவில்லை. துறையின் உதவி போதாமல், ஆய்வுச் செலவைப் பல வேளைகளில் அவரே ஏற்றார். 1880ஆம் ஆண்டில் அந்தப் பதக்கத்தையே விற்றார். உடல்நலக் குறைவும் அவரை வாட்டியது. 1890ஆம் ஆண்டு மணந்த மனைவி மூன்றே மாதங்களில் மறைந்தார். துயரங்களுக்கு இடையிலும் அவர் பணியைக் கைவிடவில்லை. 1903ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள், தமது 57ஆம் வயதில் காலமானார்.

தந்திக் காலம் முடிந்துவிட்டது. போதோவின் பெயர் நிலைத்துவிட்டது. கம்பியில் ஒரு நொடிக்கு எத்தனை குறிகள் செல்கின்றன என்பதைக் குறிக்கும் அலகு, அவர் பெயரால் 'போட்' என வழங்குகிறது.

நெகிரி செம்பிலானில் லிங்கி போன்ற வட்டாரங்கள் தோட்டங்களால் வளர்ந்தவை. தோட்டத்தில் அறுவடையாகும் செம்பனைக் குலைகள் ஆலையில் நீராவியால் அவிக்கப்படுகின்றன. அங்கே கொதிகலனின் அழுத்தத்தை ஓயாமல் கண்காணிக்க வேண்டும். எல்லை மீறினால் தொழிலாளர் உயிருக்கே ஆபத்து. இன்றைய தொழிற்சாலைகளில் பல அளவுமானிகளை ஒரே இணைக் கம்பியில் இணைக்க முடிகிறது. ஒவ்வொரு மானிக்கும் தனி எண் உண்டு. கணினி எண்ணைச் சொல்லி வினவ, அதற்குரிய மானி மட்டும் விடையளிக்கும். விடை குறி குறியாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஒரு முனையை 9600 போட் வேகத்தில் அமைத்தால், மறுமுனையையும் அவ்வாறே அமைக்க வேண்டும். இல்லையேல் அளவு தவறாகும்.

ஒரே கம்பியை முறைவைத்துப் பகிர்வதும், இரு முனைகளும் ஒரே தாளத்தில் இயங்குவதும் தொடக்கப்பள்ளி மட்டுமே பயின்ற ஓர் உழவர் மகன் அன்றே செய்துகாட்டியவை.