ராமானுஜன் ஜாபிதாவில் விடுபட்ட எண்

வானம் பார்த்த பூமியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் குடியானவர் பங்கீட்டின் அருமையை நன்கறிவர். 12 மூட்டைப் பருத்தியை இருவரும் பகிரலாம். மூவரும், நால்வரும், அறுவரும் பகிரலாம். 11 மூட்டையானால் தகராறுதான். தம்மினும் சிறிய எவ்வெண்ணையும்விட அதிக வகுஎண்களையுடைய இத்தகைய எண்களையே கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் ஆராய்ந்தார். 1887-ல் ஈரோட்டில் பிறந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாயிருந்து, 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1915-ல் வெளியிட்ட ஜாபிதா 6746328388800-ல் முடிகிறது. அதற்கு வகுஎண்கள் 10080! இடையே 293318625600 என்ற ஒன்று விடுபட்டுவிட்டது. அதைக் குறையென்று கூற நாம் துணியோம். நமக்கு வருத்தம் வேறொன்றில்: லண்டன் கணித சங்கத்தின் பணமுடையால் அக்கட்டுரையின் பிற்பகுதி அச்சேறாது நின்றது. 1920-ல், 32-ஆம் வயதில், ராமானுஜன் மறைந்தார். அப்பகுதி விளக்கக் குறிப்புகளுடன் கணித சஞ்சிகையொன்றில் வெளிவந்தது 1997-ல்தான்.