லூப் பெடல் இல்லாத காலத்தில் லூப் போட்டது யார்? காருக்குறிச்சி அருணாசலத்தின் கதை

முகூர்த்த நாளில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தைக் கடந்து பாருங்க. வாசல் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் கல்யாண வீடு மாதிரியே இருக்காது. அப்படிச் சுற்றிச் சுற்றி வரும் பதிவுகளில் அடிக்கடி காதில் விழும் வாசிப்பு ஒன்று, 1964-லேயே மறைந்துபோன ஒரு மனிதருடையது. பெயர் காருக்குறிச்சி அருணாசலம்.

ஸ்ரீவைகுண்டத்தில் இருப்பது தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அங்கிருந்து ஆற்றோடு எதிர்த்திசையில், திருநெல்வேலியைத் தாண்டி சேரன்மகாதேவி வரை போனால் பக்கத்தில்தான் காருக்குறிச்சி. 1921-ல் அருணாசலம் பிறந்த ஊர்.

இவருக்கும் லூப்புக்கும் என்ன சம்பந்தம்?

ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. ஒருவர் தனியாக கிடாரோடு உட்கார்ந்திருப்பார். நாலு பார் வாசித்துவிட்டு காலால் பெடலை அழுத்துவார். வாசித்தது அப்படியே திரும்பத் திரும்ப ஓடும். அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஒரே ஆள் ஒரு கச்சேரிக் கூட்டமாகிவிடுவார். அதோடு டிலே என்று ஒரு கருவியும் சேரும். வாசித்த ஸ்வரத்தை ஒரு நொடி தாமதித்துத் திருப்பிச் சொல்லும், கிட்டத்தட்ட எதிரொலி மாதிரி.

இந்த வித்தைக்கு அமெரிக்காவில் முன்னோடி, கிடார் கலைஞர் லெஸ் பால். டேப்பில் தன் கிடாரின் மேலேயே தன் கிடாரை அடுக்கி, மேரி ஃபோர்டின் குரலையும் அதேபோல அடுக்கி, 1951-ல் 'ஹவ் ஹை தி மூன்' என்ற பெரிய ஹிட்டைக் கொடுத்தார். 1970-களில் ராபர்ட் ஃப்ரிப் இரண்டு டேப் மெஷின்களை இணைத்து, மேடையிலேயே கிடாரை இப்படி அடுக்கினார்.

லெஸ் பால் டேப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் தாமிரபரணிக் கரையில் இந்த வேலைக்கெல்லாம் ஆள் இருந்தார்கள். நிஜமாகவே ஆள்.

நாதஸ்வரக் குழுவில் ஒத்து என்று ஒரு வாத்தியம் உண்டு. பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. அடிப்பக்கத்தில் இருக்கும் சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். அதிலிருந்து வருவது ஒரே ஒரு ஸ்வரம். ஒத்து ஊதுகிறவரின் வேலை அந்த ஒரு ஸ்வரத்தை அறாமல் பிடித்திருப்பது. கன்னத்தில் காற்றை அடக்கி அதை வெளியே தள்ளிக்கொண்டே, மூக்கால் அடுத்த மூச்சை இழுக்க வேண்டும். சாமி புறப்பாட்டில் நான்கு மாட வீதியும் நடந்துகொண்டே இதைச் செய்தாக வேண்டும். மூச்சு எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியக் கூடாது. ராத்திரி முழுக்க நடக்கும் உற்சவத்தில் இதைச் செய்தவர்களின் பெயர் பெரும்பாலும் எந்த நோட்டீஸிலும் அச்சாகவில்லை.

டிலே யார் என்று கேட்டால், இரண்டாவது நாதஸ்வரம். பெரியவர் ஒரு பிடியை வாசித்து நிறுத்துவார். பக்கத்தில் நிற்பவர் அதை வாங்கி நீட்டுவார், அல்லது திருப்பிச் சொல்வார். அதற்குள் பெரியவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அடுத்ததை யோசிக்கலாம். மெஷினுக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம், இவருக்குக் காது உண்டு. சில சமயம் வாங்கியதைவிட நன்றாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது பெரியவருக்குப் பிடிக்கவும் செய்யும், பிடிக்காமலும் போகும்.

அருணாசலம் பெரிய மேடைகளுக்கு வந்தது இந்த இரண்டாவது இடத்தில் நின்றுதான். குரு, திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. நாதஸ்வர உலகின் சக்கரவர்த்தி என்று பெயர் எடுத்தவர், தோடி ராகத்துக்குப் பேர்போனவர். முன்பிருந்த, சுருதி தூக்கலான திமிரி நாயனத்தைவிட நீளமும் கனிவும் கூடிய பாரி நாயனத்தை, நரசிங்கம்பேட்டை ஆசாரியோடு சேர்ந்து உருவாக்கியவர். அவர் வாசித்ததை அடுத்த நொடியே தன் குழலில் சொல்ல வேண்டிய நிலையில் நின்ற சீடனுக்கு அதைவிடக் கடுமையான பயிற்சி என்ன இருக்க முடியும்? நகல் எடுத்துக்கொண்டே இருந்தால் சொந்தக் குரல் போய்விடும் என்று ஒரு பயம் எப்போதும் உண்டு. அருணாசலத்துக்கு அப்படி நடக்கவில்லை. குருவின் கம்பீரத்தை எடுத்துக்கொண்டு, அதில் தெற்கத்திக் குழைவு ஒன்றைச் சேர்த்தார். கரிசல் பக்கத்துப் பாடகர் விளாத்திகுளம் சுவாமிகள் மீது அவருக்கு இருந்த ஈடுபாடும் இதற்கு ஒரு காரணம் என்று சொல்லலாம்.

பிறகு தனிக் குழு. இப்போது இரண்டாவது இடத்தில் நின்றவர் கே.எம். அருணாசலம். பேரும் ஒன்றே! கோவில்பட்டியில் குடியேறினார். கோயில், கல்யாணம், ரேடியோ, இசைத்தட்டு என்று பெயர் பரவியது.

ஜானகியும் நாதஸ்வரமும்

1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. ஜெமினி கணேசன் நாதஸ்வரம் வாசிக்க, சாவித்திரி பாடுவார். நிஜத்தில் பாடியது எஸ். ஜானகி, வாசித்தது அருணாசலம். ஆபேரி ராகத்தில் 'சிங்கார வேலனே தேவா' இன்றைக்கும் சூப்பர் சிங்கர் மேடைகளில் ஒரு பரீட்சை மாதிரி.

இதில் ஒரு டெக்னிக்கல் சிக்கல். நாதஸ்வரம் திறந்த வெளிக்கான வாத்தியம். பக்கத்தில் நின்று பாடினால் பாடுகிறவர் குரல் அமுங்கிவிடும். அதனால் குரலையும் நாதஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவுசெய்து பிறகு சேர்த்தார்கள் என்பது திரையுலகில் பரவலாகச் சொல்லப்படுவது. ஆக, ஒருவர் முடிக்க இன்னொருவர் வாங்கும் அந்த உரையாடல், மெஷின் வழியாக நடந்திருக்கிறது. லெஸ் பால் செய்த வேலைக்குப் பக்கத்து வீடுதான் இது. கேட்கும்போது அப்படித் தோன்றவே தோன்றாது என்பதுதான் விசேஷம்.

அடுத்த இரண்டே வருஷத்தில், 1964 ஏப்ரலில், அருணாசலம் இறந்துபோனார். வயது 43-ஐ ஒட்டி. குரு ராஜரத்தினம் பிள்ளை 1956-லேயே போய்விட்டார். கோவில்பட்டியில் அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததுதான் சங்கடமானது. ஒத்து ஊதுகிறவரின் இடத்துக்கு முதலில் சுருதிப்பெட்டி வந்தது. 1979-ல் பெங்களூருவின் ராடெல் நிறுவனம் எலக்ட்ரானிக் தம்புராவைக் கொண்டுவந்தது. இன்று அதே வேலையை ஒரு மொபைல் ஆப் செய்கிறது. ஒரு குழுவில் ஒரு சம்பளம் மிச்சம். இதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது, ஒத்து ஊதுவது அவ்வளவு கஷ்டமான வேலை. அடுத்து கேசட் வந்ததும் பல மண்டபங்களில் மொத்தக் குழுவுக்கே வேலை போனது. தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளமும் ஸ்பீக்கரிலிருந்தே வந்துவிடுகிறது. அந்தந்த ஊர் நாதஸ்வரக்காரர் வாங்க வேண்டிய முகூர்த்தக் கூலியை, 1964-ல் இறந்தவரின் வாசிப்பு ஒரு பென் டிரைவிலிருந்து தடுத்துக்கொண்டிருக்கிறது. ஒத்தும் இரண்டாவது நாதஸ்வரமும் தவிலும் சூழ வளர்ந்த மனிதர், கடைசியில் தானே ஒரு லூப் ஆகிவிட்டார்.

அடுத்த முறை அந்தப் பதிவு எங்காவது ஓடினால் ஹெட்ஃபோனில் போட்டுக் கேளுங்க. முதல் நாதஸ்வரம் ஒரு பிடியை முடிக்கும் இடத்தில், அரை மூச்சு முந்தி, இன்னொரு நாதஸ்வரம் அடியில் வந்து நிற்பது கேட்கும். ஃபைலில் அவர் பெயரைத் தேடாதீங்க. பெரும்பாலும் அருணாசலத்தின் பெயரே இருக்காது, 'மங்கள இசை' என்று மட்டும்தான் இருக்கும்.