வ.வே.சு. ஐயரின் பாத்திர ஆய்வு நெறி: வாழ்வும் திறனாய்வும்

முன்னுரை
காப்பியம், சிறுகதை ஆகியவற்றின் பாத்திரங்களை அளந்தறிய ஒரு முறை வேண்டும் என்னும் உணர்வு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் வேரூன்றத் தொடங்கியது. அதற்கு முன்னோடியாக விளங்கியவர்களுள் ஒருவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். அவர் படைப்பாளராகவும் திறனாய்வாளராகவும் வாழ்ந்தவர். பாத்திரத்தின் உள்ளக் கருத்தும் புறச்செயலும் வேறுபடும் இடமே அவர் படைப்பிலும் வாழ்விலும் தீர்ப்புக்குரிய இடமாக அமைந்தது என்பதை அவர் வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறப்பும் அரசியல் வாழ்வும்
இன்றைய பெரம்பலூர், அரியலூர் பகுதிகளையும் தன்னுள் கொண்டிருந்த அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், திருச்சிராப்பள்ளி நகரை ஒட்டிய வரகனேரியில் 1881 ஏப்ரல் 2 அன்று ஐயர் பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று வழக்குரைஞரானார். இரங்கூனில் சிறிது காலம் தொழில் புரிந்தபின், பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்குடன் 1907இல் இலண்டன் சென்றார். அங்கு இந்தியா விடுதியில் சாவர்க்கர் முதலிய புரட்சியாளர்களோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. ஆங்கில அரசின் கண்காணிப்பு நெருங்கவே மாறுவேடத்தில் தப்பி, 1910இல் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியை அடைந்தார். பாரதியார், அரவிந்தர் ஆகியோர் வாழ்ந்த அந்நகரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தங்கினார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும், கம்பநிலையம் என்னும் பெயரில் நூல்கள் வெளியிட்டதும், சிறுகதைகள் எழுதியதும் இக்காலத்தில்தான்.

சிறுகதையில் பாத்திரம்
1915இல் விவேகபோதினி இதழில் வெளிவந்த ‘குளத்தங்கரை அரசமரம்’ தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் தொடர்ந்து பேசப்படுவது. தாகூரின் வங்கக் கதையொன்றின் தாக்கம் இதில் உண்டு என்பதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். ஆயினும், கதையின் சிக்கல் தமிழ்நாட்டு வாழ்விலிருந்து எழுவது. ருக்மிணியின் தந்தை அர்பத்நாட் வங்கியின் வீழ்ச்சியில் தம் செல்வத்தை இழக்கிறார். அதனால் மாமியார் வீட்டில் அவள் மதிப்பிழக்கிறாள். அவள் கணவன் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கப்படுகிறது. நாகராஜன் மனைவியைக் கைவிடக் கருதியவன் அல்லன். இரண்டாம் திருமணத்துக்கு இசைந்ததுபோல் நடித்து, இறுதி வேளையில் மறுத்துவிடுவதே அவன் திட்டம். அத்திட்டத்தை அவன் ருக்மிணியிடம் வெளிப்படுத்துவதில்லை. அவள் குளத்தில் உயிர்விடுகிறாள், அவன் துறவியாகிறான்.

இக்கதையைப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட சமூகக் கொடுமையின் சித்திரிப்பாக மட்டும் கொள்வது முழுமையாகாது. வரதட்சணை மனப்பான்மையும் பெற்றோரின் பேராசையும் கதையின் பின்புலம். பேரிழப்புக்கு நேர்க்காரணம் நாகராஜனின் மௌனமாகும். அவன் நல்லெண்ணம் வாசகருக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டியவளுக்குத் தெரியாது. கதைசொல்லியாக அமைந்த அரசமரம் இருவரையும் காண்கிறது, கேட்கிறது. குறுக்கிட அதனால் இயலாது. செயலாக வெளிப்படாத நல்லெண்ணம் ஒருவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பதே இக்கதை தரும் தீர்ப்பு.

கம்பராமாயண ஆய்வு
புதுச்சேரியிலிருந்து திரும்பிய ஐயர் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். 1921இல் அரசுக்கு எதிராக எழுதிய குற்றத்துக்காக ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றுப் பெல்லாரிச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்குதான் கம்பராமாயணம் பற்றிய ஆய்வு நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூல் அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் 1950இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டது.

வான்மீகி, ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு கம்பரை ஒப்பிட்டு, அவர்களினும் உயரிய இடத்தைக் கம்பருக்கு ஐயர் வழங்கினார். இம்மதிப்பீட்டை அனைவரும் ஏற்க வேண்டுவதில்லை. அவர் பின்பற்றிய ஒப்பீட்டு முறையே நிலைத்த பயனுடையது. எடுத்துக்காட்டாக, வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரில் அவளைத் தீண்டாது பர்ணசாலையுடன் நிலத்தைப் பெயர்த்தெடுக்கிறான். ஒரே நிகழ்ச்சியில் செயல் மாறும்போது பாத்திரத்தின் இயல்பும் மாறுவதை இத்தகைய ஒப்பீடு புலப்படுத்துகிறது. உரையாசிரியர் மரபு பாடலின் சொல்லையும் பொருளையும் விளக்கியது. ஐயரின் ஆய்வு அதற்கு அடுத்த படியாகக் காப்பியம் முழுவதிலும் ஒரு பாத்திரத்தைத் தொடர்ந்து சென்று அளந்தது.

குருகுலமும் இறுதியும்
1922இல் ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் இயங்கியது. தேசியக் கல்வியை நோக்கமாகக் கொண்ட அந்நிறுவனத்துக்குத் தமிழ்நாடு காங்கிரசும் பொருளுதவி செய்தது. பிராமண மாணவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது பெரும் எதிர்ப்பு மூண்டது. வரதராஜுலு நாயுடு, ஈ.வெ. இராமசாமி முதலியோர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். காந்தியடிகள் வரை சிக்கல் சென்றது. ஐயர் தம் அளவில் சாதி வேறுபாடு பாராட்டாதவர் என்பது அவரை அறிந்தோர் கூற்று. அம்மாணவர்தம் பெற்றோரின் விருப்பத்துக்கு இசைந்ததே அவர் தரப்பு விளக்கம். ஆனால், பந்தியில் பிரித்து அமர்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு அவர் உள்ளம் தெரிய வழியில்லை; தெரிந்தது தனிப்பந்தி ஒன்றே. நாகராஜனுக்கு அவர் கதை வழங்கிய அளவுகோலைக் கொண்டு நோக்கினால், எதிர்த்தோரின் தீர்ப்பு நியாயமானதென்றே கொள்ள வேண்டும். ஐயர் 1925இல் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் நீரில் அகப்பட்ட மகள் சுபத்திரையைக் காக்க முயன்று மகளோடு தாமும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 44.

முடிவுரை
ஐயரைப் போற்றுவோர் குருகுல நிகழ்ச்சியைத் தவிர்த்துவிட்டு அவர் இலக்கியப் பணியை மட்டும் பேசுவதுண்டு. பழிப்போர் இலக்கியப் பணியைப் புறந்தள்ளிக் குருகுலத்தை மட்டும் பேசுவதுண்டு. இரண்டும் அவர் வாழ்வைப் பாதியாக்குகின்றன. பாத்திரத்தை அதன் செயலாலும் அச்செயலால் பிறர்க்கு விளைந்ததாலும் மதிப்பிடும் நெறி அவர் சிறுகதையில் உள்ளது. அந்நெறிக்கு அவர் வாழ்வையும் உட்படுத்துவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவர் எழுத்தை மெய்யாகவே ஏற்றுக்கொள்வதாகும்.