தொட்டிலருகே காந்தியடிகள்

காந்தியடிகளின் வாழ்வை எழுதப் புகுவோர்க்குத் தண்டி யாத்திரையும் வட்டமேசை மாநாடும் எரவாடாச் சிறையும் காத்துக் கிடக்கின்றன. அவற்றை எழுதி முடிக்கவே ஏடுகள் போதா. ஆதலின், டர்பன் நகரத்து வீடொன்றிலே கைக்குழந்தையைப் பேணி நின்ற முப்பது வயது வழக்கறிஞர் ஒருவரை நாம் பெரும்பாலும் காணாமலே கடந்துவிடுகின்றோம். 1925ஆம் ஆண்டு முதல் ‘நவஜீவன்’ இதழில் தொடராக வெளிவந்த தம் சுயசரிதையிலே, போயர் யுத்தத்தைச் சொல்லுமுன்பே தம் மைந்தரின் பிறப்பையும் வளர்ப்பையும் அடிகள் ஒளிவின்றி எழுதினார். அவருக்கு அது சிறு செய்தியாகத் தோன்றவில்லை.

அவர் முதன்முதல் தந்தையானது டர்பனில் அன்று. 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆந் தேதி போர்பந்தரிற் பிறந்த மோகன்தாசர், பதின்மூன்றாம் வயதிலேயே கஸ்தூரிபாவை மணந்தார். 1885இல் தந்தை கரம்சந்தர் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தபோது, இரவுதோறும் அவருடைய கால்களைப் பிடித்துவிடுவது இளைய மைந்தரின் பணி. ஓரிரவு தந்தையின் உடன்பிறந்தார் அப்பணியைத் தாம் ஏற்றுக்கொள்ள, இளைஞர் மனைவியின் அறைக்குச் சென்றார். சில நிமிடங்களிற் கதவு தட்டப்பட்டது. தந்தை மறைந்துவிட்டார். அப்போது கருவுற்றிருந்த கஸ்தூரிபா பின்னர் ஈன்ற முதற் குழந்தையும் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் உயிர் தரிக்கவில்லை. இவ்விரண்டு இழப்புகளையும் தம் குற்றத்தின் இரு கூறுகளாகவே அடிகள் வாழ்நாள் முழுதும் எண்ணி வந்தார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் தனக்குத் தானே விதித்துக்கொண்ட இத்தீர்ப்பு மிகக் கொடிது என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆயினும், பின்னாளில் அவர் குழந்தைகளிடம் நடந்துகொண்ட முறையை விளங்கிக்கொள்ள அத்தீர்ப்பை நாம் மறத்தல் கூடாது.

1888இல் ஹரிலால் பிறந்தார். குழந்தை தவழத் தொடங்கிய பருவத்தைத் தந்தை கண்டாரில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆந் தேதியே அவர் சட்டம் பயில இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். 1891இல் மீண்டு வந்தபோது எதிரே நின்றது ஓடியாடும் சிறுவன். தமையனாரின் பிள்ளைகளோடு சேர்த்து அவனுக்கும் உடற்பயிற்சி கற்பித்து, சிரித்து விளையாடி மகிழ்ந்தார் என்பது உண்மையே. ஆனால் முதற் சொல்லையும் முதல் அடியையும் அவர் இழந்துவிட்டார். 1892 அக்டோபரில் மணிலால் பிறந்தார். 1893 ஏப்ரலில் தந்தை மறுபடியும் கப்பலில், இம்முறை தென்னாபிரிக்காவுக்கு. ஆறு மாதக் குழந்தையை விட்டுச் சென்றவர் 1896இல் திரும்பியபோது அதற்கு மூன்றரை வயது ஆகிவிட்டது. இவ்வாறு இரு மைந்தரின் மழலைப் பருவமும் தந்தைக்கு எட்டாமலே கழிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் மனைவியையும் இரு புதல்வரையும், விதவையாகிய தமக்கையாரின் ஒரே மகனையும் ‘கூர்லாந்து’ என்னும் கப்பலில் ஏற்றிக்கொண்டு அவர் டர்பனுக்குப் புறப்பட்டார். நாகரிகமுடையோராகக் காணப்பட வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் அவருக்கு மிகுதி. அம்மையாருக்குப் பார்சிப் பெண்களின் முறையிற் சேலை. பையன்களுக்குப் பார்சிச் சட்டையும் காற்சட்டையும். எல்லோருக்கும் காலுறையும் சப்பாத்தும். உண்பதற்குக் கத்தியும் முள்ளும் வேறு. காலுறைகள் வியர்வையால் நாற்றமெடுத்தன, சப்பாத்து கடித்தது, பிள்ளைகள் முறையிட்டனர், தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. அன்புடையவர், ஆனால் தாம் சரியென்று கண்டதைப் பிறர்மேற் சுமத்தத் தயங்காதவர். இவ்விரு குணங்களும் அவரிடத்தில் ஒரே வேரிலிருந்தே கிளைத்தன.

டர்பனில் அவர் புதுப் புது வேலைகளைக் கற்றுக்கொண்டிருந்தார். வண்ணானுக்குச் செலவு அதிகமென்று சலவை பற்றிய நூலொன்றை வாங்கிப் படித்து, கழுத்துப் பட்டிகளைத் தாமே தோய்த்துப் பெட்டி போட்டார். கஞ்சி மிகுந்துபோய் உதிர்ந்து விழ, அந்தக் கோலத்தோடு நீதிமன்றத்துக்குப் போய் உடன் தொழிலாளரைச் சிரிக்கவைத்தார். தருமத்தால் நடந்த சிறு வைத்தியசாலை ஒன்றில், டாக்டர் பூத் என்பவரின் மேற்பார்வையில், காலைதோறும் மருந்து கலந்து கொடுக்கும் தொண்டையும் ஏற்றார். அங்கே வந்தவர்களுட் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும் ஆவர். இந்தத் தமிழர் நமக்கு அந்நியர் அல்லர். மன்னாரில் இறங்கி, தம்புள்ள, நாவுல, நாலந்தா என்று காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்தார்களே, இடுப்பிற் குழந்தையும் தலையில் மூட்டையுமாக, அதே ஊர்களைச் சேர்ந்த அதே ஏழை மக்கள்தாம் 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலே கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் போனார்கள். நாவுல வழியாகப் போனோருட் பலருடைய குழந்தைகள் அவ்வழியிலேயே மண்ணுக்குள் போயின. அத்தகையோரின் நோய்களைக் கேட்டு மருந்து கொடுத்த அனுபவந்தான், சொந்தக் குழந்தையைக் கையில் எடுத்தபோது அவருக்கு உதவிற்று.

1897இல் ராம்தாஸ் பிறந்தார். பிரசவ காலத்தில் நல்ல வைத்திய உதவி வேண்டும் என்பதில் அடிகளுக்கு ஐயமில்லை. ஆனால் வைத்தியரும் தாதியும் தக்க வேளையில் வந்து சேராவிட்டால்? பயிற்சி பெற்ற இந்தியத் தாதி இந்தியாவிலேயே அரிது. தென்னாபிரிக்காவிலோ சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவர் தம் வழக்கப்படி ஒரு நூலைத் தேடிப் பிடித்தார். டாக்டர் திரிபுவனதாசர் குஜராத்தியில் எழுதிய ‘மாநே ஷிகாமண்’ என்பது அது. தாய்க்கு அறிவுரை என்று பொருள். தாய்மாருக்கென எழுதப்பட்ட அந்நூலைத் தந்தையொருவர் கரைத்துக் குடித்தார். இரண்டு பிரசவத்துக்கும் தாதி அமர்த்தப்பட்டதுண்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு மாதங்களுக்கு மேல் இல்லை. அத்தாதியும் அம்மையாருக்குத் துணையாகவே இருந்தார். குழந்தையைப் பார்க்கும் வேலை தந்தையுடையதாயிற்று.

இந்த ஒரு வரிக்குள் எத்தனை இரவுகள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பிள்ளை வளர்த்தவர்கள் அறிவர். பகலெல்லாம் வழக்கு, மாலையில் நேட்டால் இந்தியக் காங்கிரஸின் கடிதங்கள், வீட்டில் விருந்தினரும் குமாஸ்தாக்களும். இவற்றுக்கிடையே கைக்குழந்தை தன் நேரத்தில் அழும், தன் நேரத்தில் உறங்கும். மூத்த பையன்களுக்கு மாதம் ஏழு பவுண் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியை ஒருத்தியை அமர்த்தியவர், சின்னக் குழந்தையை மட்டும் சம்பளக்காரரிடம் ஒப்படைக்க விரும்பவில்லை. ஹரிலாலிடத்தும் மணிலாலிடத்தும் தவறிப்போனதை ஈடு செய்யும் முயற்சி இது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நான் அவ்வாறே கொள்கின்றேன்.

1899ஆம் ஆண்டின் இறுதியில் போயர் யுத்தம் மூண்டபோது, ஆயிரத்து நூறு பேர் கொண்ட இந்திய மருத்துவத் தொண்டர் படையைத் திரட்டி, கொலென்ஸோவிலும் ஸ்பியன் கொப்பிலும் காயமுற்றோரைச் சுமந்தார். அந்நாட்களில் அம்மையார் மீண்டும் கருவுற்றிருந்தார். 1900 மே 22ஆந் தேதி நோவு திடீரென்று கண்டது. வைத்தியர் உடனே கிடைக்கவில்லை. மருத்துவிச்சியை அழைத்து வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அவர் அருகில் இருந்திருந்தாலும் செய்யத்தக்கது அதிகமில்லை என்னும் நிலை. வீட்டிலிருந்தவர் கணவர் ஒருவரே. போர்க்களத்திற் குருதியைக் கண்டு பழகிய கைகள். நூலைப் பலமுறை படித்த அறிவு. அவர் நடுங்கவில்லை. தேவதாஸ் என்று பெயர் பெறப்போகும் குழந்தையைத் தம் கைகளாலேயே ஏந்தி எடுத்தார். நம் குடும்பங்களிலே அக்காலத்து ஆடவன் பேறுகால அறையின் வாசலையும் எட்டிப் பாரான் என்பதை நினைந்தால், இச்செயலின் புதுமை விளங்கும்.

அந்த வீட்டை அன்பகமாக மட்டும் வரைந்து காட்டினால் அது பொய்யாகிவிடும். 1898இல், பஞ்சமர் குடியிற் பிறந்த கிறிஸ்தவக் குமாஸ்தா ஒருவரின் சிறுநீர்க் கலத்தை எடுத்துக் கழுவும்படி கஸ்தூரிபாவைப் பணித்தார். அதனையும் முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்றார். அம்மையார் கண்ணீரோடு மறுத்துப் பேச, கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று வெளியே தள்ள முற்பட்டார். அந்நிய நாட்டிற் பிள்ளைகளோடு நான் எங்கே போவேன் என்று அம்மையார் கேட்டபின்னரே கதவு மூடப்பட்டது. இதை உலகுக்குச் சொன்னவரும் அவரே. ராம்தாஸ் அப்போது கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருக்கமாட்டார். குழந்தையை ஏந்திய கைகளும் தாயை இழுத்த கைகளும் ஒருவருடையனவே.

தம் கைவைத்தியத்தில் அவர் கொண்ட நம்பிக்கை நாளுக்கு நாள் வளர்ந்தது. 1902இல் பம்பாயில் இருந்தபோது பத்து வயது மணிலாலுக்கு நெருப்புக் காய்ச்சலும் நிமோனியாவும் சேர்ந்து கண்டன. முட்டையும் கோழிச் சாறும் கொடுக்க வேண்டும் என்றார் பார்சி வைத்தியர். புலால் உண்ணாக் கொள்கையுடைய தந்தை இணங்கவில்லை. பையனையும் கேட்டார், அவனும் வேண்டாம் என்றான். கூனே என்பாரின் முறைப்படி இடுப்புக் குளியலும், நீர் கலந்த நாரத்தம் பழச்சாறும் கொடுத்தார். காய்ச்சல் நூற்று நான்கு பாகையில் நின்றது, இரவிற் பிதற்றல். இறுதியில் ஈரத் துணியால் உடல் முழுதும் சுற்றி, போர்வைகளால் மூடி, தாயைக் காவல் வைத்துவிட்டுச் சௌபாத்திக் கடற்கரையிலே இராமநாமத்தைச் சொல்லிக்கொண்டு நடந்தார். திரும்பி வந்தபோது பையன் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். காய்ச்சல் இறங்கிற்று. மணிலால் பிழைத்தார் என்பதால் அம்முடிவு சரியானதென்று நான் வாதிக்கமாட்டேன். பிள்ளையின் உயிரைத் தம் கொள்கைக்குப் பணயம் வைக்கத் தந்தைக்கு உரிமை உண்டோ என்று அன்றிரவு அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். அக்கேள்வி இன்றும் நிற்கின்றது.

பின்னர், தென்னாபிரிக்காவுக்கு வந்த கப்பலில் கப்பல் தலைவரோடு விளையாடி ராம்தாஸ் கையை முறித்துக்கொண்டபோது, அடிகள் நடுங்கும் விரல்களோடு கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, தூய மண்ணைக் குழைத்துப் பூசிக் கட்டினார். ஒரு மாதத்தில் அது ஆறிற்று. ஜோஹன்னஸ்பர்க்கில் பிள்ளைகள் அவரோடு அலுவலகத்துக்கு நடப்பர்; போகவும் வரவும் ஐந்து மைல். அந்த நடையே பள்ளிக்கூடம். 1910இல் தோன்றிய டால்ஸ்டாய் பண்ணையிலோ பிறர் பிள்ளைகளுக்கும் அவரே தந்தையானார். போப் ஐயரின் தமிழ்க் கைந்நூலைத் துணைகொண்டு தமிழ்ச் சிறுவர்க்குத் தமிழே கற்பித்தார். அவர்களுக்கு அவரைவிட நன்றாகத் தமிழ் பேச வந்தது. அதற்காக அவர் நாணவில்லை.

ஆயினும் 1906இல் ஜூலு மக்களின் கிளர்ச்சிக் காலத்தில் காயமுற்றோரைச் சுமந்து மலைவழிகளில் நடந்தபோது, மக்கட்பேறும் மக்களைப் பேணுதலும் பொதுத்தொண்டோடு ஒருங்கே செல்லா என்னும் முடிவுக்கு வந்து, பிரமசரிய விரதம் பூண்டார். குழந்தைக்கு எவ்வளவு நேரமும் நெஞ்சும் வேண்டும் என்பதைச் செய்து பார்த்தறிந்தவர் எடுத்த முடிவு அது. அறியாதவர் எடுத்திருப்பின் அதற்கு இத்துணைப் பொருள் இராது.

மூத்தவர் ஹரிலால் தந்தையின் போரில் 1908 முதல் பலமுறை சிறை சென்றவர். ஆனால் இங்கிலாந்து சென்று படிக்க அவர் விரும்பினார். உதவித்தொகை பிறருக்குப் போயிற்று. முறையான கல்வியைத் தந்தை தமக்கு மறுத்தார் என்ற மனக்குறையோடு 1911இல் பிரிந்து சென்றார். பின்னர் அவர் வாழ்வு குடியிலும் கடனிலும் சிதைந்தது.

தேவதாசின் வழி வேறு. 1918இல் தந்தை அனுப்பச் சென்னைக்கு வந்து இந்தி கற்பித்தார். 1933 ஜூனில் ராஜாஜியின் மகள் லட்சுமியை மணந்து தமிழ்க் குடும்பத்து மருமகனானார். 1944இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா இறக்குந் தறுவாயில் இருந்தபோது, கல்கத்தாவிலிருந்து பெனிசிலினை வரவழைத்தவர் அவரே. ஊசிகளால் அவ்வுடலை மேலும் வருத்த வேண்டாம் என்று அடிகள் தடுத்தார். மைந்தர் வாதாடிப் பின் அடங்கினார். பிப்ரவரி 22ஆந் தேதி அம்மையார் கணவரின் மடியிற் சாய்ந்து உயிர் நீத்தார். 1927 நவம்பரில் அவர்கள் இருவரும் இலங்கைக்கு வந்தபோது அவரைக் காந்தியடிகளின் தாயார் என்று ஒருவர் தவறாகக் கருதியதும், அடிகள் அத்தவற்றை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டதும் நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தாய்க்கு எரியூட்டியவர் தேவதாஸ்.

1948 ஜனவரி 31ஆந் தேதி யமுனைக் கரையில் தந்தையின் சிதைக்குத் தீ மூட்டியவர் ராம்தாஸ். மணிலால் அப்போது தென்னாபிரிக்காவில் இருந்தார். ஹரிலால் அவ்வாண்டு ஜூன் 18ஆந் தேதி பம்பாய் வைத்தியசாலை ஒன்றிற் காலமானார்.